திரு. ஹோல்ராய்ட் அன்புடன் அனுமதித்தார்

ஹெப்லி, லங்காஷர்
9 ஜூன் 2003

அன்புள்ள நார்மன்,

நான் இருக்கிறேன், என் முழங்காலும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒத்துப்போவதில்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை. உன் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? உன் மகள் ஹெலன் சுகம்தானே? அத்தையோடு போனில் பேசினால் என்ன என்று கேட்டாளாம். இருபத்திரண்டு வருடம் தறிச் சத்தத்துக்குக் கொடுத்த காது இது. எதிரே நிற்பவர்களின் உதட்டைப் பார்த்து என்ன பேசுகிறார்கள் என்று படித்துவிடுவேன். போனுக்கு உதடு இல்லையே, என்ன செய்ய?

விஷயத்துக்கு வருகிறேன். முட்டைமேட்டை விற்றுவிட்டார்கள். கிழவர் ஹோல்ராய்ட் போய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் அவருடைய தங்கை மகன் ஒரு கட்டுமானக் கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டான். எண்பத்து நான்கு வீடுகள் வரப்போகின்றன. குடியிருப்புக்கு 'மலைக்காட்சி' என்று பெயர். மலையைச் செதுக்கி எடுத்த பிறகு எந்த மலையின் காட்சி என்று விளம்பரத் தாள் கொடுக்க வந்த பெண்ணிடம் கேட்டேன். "எனக்குத் தெரியாதுங்க, நான் தாள் குடுக்க மட்டும்தான்" என்றாள்.

போன வாரம் மேட்டடியில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். 'பொதுமக்கள் கம்பெனியின் அன்பான அனுமதியோடு இங்கே உலாவலாம்' என்று எழுதியிருக்கிறது. நம் ஆட்களில் பாதிப் பேர், பரவாயில்லையே, நல்ல மனசு என்றார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால் எனக்குச் சந்தேகம் வரும். பர்ன்லியிலிருந்து நமக்காகக் கூலி வாங்காமல் வரும் வக்கீல் ஒருத்தி இருக்கிறாள், ஃபரீதா மாலிக் என்று பெயர். பலகையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"மேவிஸ், இவங்க பயந்துட்டாங்க. ஒரு ஊர் ஜனம் இருபது வருஷம் ஒரு நிலத்துல விளையாடி, உலாவி வந்திருந்தா அதை ஊர்ப் பொதுப் புல்வெளின்னு பதிவு பண்ணலாம். அப்புறம் ஒரு செங்கல் வைக்க முடியாது. ஆனா சண்டை போட்டு நுழைஞ்சிருக்கக் கூடாது, ஒளிஞ்சு போயிருக்கக் கூடாது, முக்கியமா அனுமதி வாங்கிப் போயிருக்கக் கூடாது. அனுமதி வாங்கிட்டா நீங்க வெறும் விருந்தாளிங்க. அதான் இப்ப அவசரமா அனுமதி குடுக்குறாங்க."

நாம் யாரிடம் போய் எப்போது கேட்டோம்? ஈஸ்டர் திங்கட்கிழமை வெங்காயத் தோலில் வேகவைத்த முட்டையை மேட்டுச் சரிவில் உருட்டவும், பனியில் சறுக்கவும், நாயை நடத்தவும் எவன் அனுமதி வேண்டும்? அந்த உருட்டலை நடத்தும் முட்டைக் கமிட்டிக்குப் பதின்மூன்று வருடம் நீதானே செயலாளர். யாரையும் கேட்காமல்தான் ஊர் அங்கே போனது என்று ஒரு வாக்குமூலம் எழுதி அனுப்பு. உன் பேச்சுக்கு இந்த ஊரில் இன்னும் மரியாதை இருக்கிறது.

அன்புடன் உன் அக்கா,
மேவிஸ்

*

டனீடின், நியூஸிலாந்து
1 ஜூலை 2003

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. இங்கே குளிர்காலம்; காலையில் தோட்டமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. என் இரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. ஹெலன் நலம். உன் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் விற்கிறார்கள், இன்றே பொதியில் அனுப்புகிறேன்.

மேட்டைப் பற்றிப் படித்து வருத்தப்பட்டேன். இந்த வயதில் நீ அதிகம் அலையாதே. வால்டரைக் கேட்டதாகச் சொல். இன்னும் பைப் புகைக்கிறானா? நான் கிளம்பும்போது கமிட்டித் தலைவராக அவன் தன் கையால் கொடுத்த கடிகாரம் இங்கே கணப்படுப்புக்கு மேலே இருக்கிறது, நன்றாக ஓடுகிறது.

மழை வரும்போல இருக்கிறது. துணியை எடுக்க வேண்டும்.

உன் நலம் விரும்பும் தம்பி,
நார்மன்

*

ஹெப்லி
14 ஜூலை 2003

அன்புள்ள நார்மன்,

நலம். தைலம் வந்தது, முட்டைக்கோஸ் அழுகின நாற்றம் அடிக்கிறது, ஆனால் வேலை செய்கிறது. நீயும் ஹெலனும் குளிருக்கு ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

வாக்குமூலத்தை மறந்துவிட்டாய். வயதானால் மறதி சகஜம், அதனால் படிவத்தையே இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இங்கே நடந்ததைக் கேள். போன திங்கட்கிழமை அளவெடுக்க வந்தவர்கள் மேடு முழுக்க முளை அடித்துக் கயிறு கட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். திங்கட்கிழமை நான் துவைக்கிற நாள். இவ்வளவு நல்ல கயிறு, இவ்வளவு நல்ல காற்று, வீணாகப் போகலாமா? என் போர்வை, உள்பாவாடை, பக்கத்து வீட்டு வால்டரின் நீளக் கால்சட்டை எல்லாம் கொண்டுபோய்க் காயப்போட்டேன். பார்த்துவிட்டு இன்னும் பதினோரு வீட்டுப் பெண்கள் கூடையோடு வந்துவிட்டார்கள். திரும்பி வந்த மேலாளருக்கு முகமெல்லாம் சிவந்துபோனது.

"இதெல்லாம் என்னம்மா?"

"துணி."

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"நீங்கதானே பலகையில அன்பா அனுமதி குடுத்திருக்கீங்க கண்ணு. ஆனா அதுக்காகப் போடல. எங்க மேடு, அதனால போட்டோம்."

மாலைவரை அவர்களால் அளக்க முடியவில்லை. யாருடைய உள்பாவாடையை எந்த ஆண் தொட்டு எடுப்பான்?

படிவத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு.

உன் அக்கா,
மேவிஸ்

*

டனீடின்
30 ஆகஸ்ட் 2003

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். ஹெலனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, வீட்டு வேலை என் தலையில். இப்போது இருவரும் தேவலை. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறேன். 'நான் ஹெப்லியில் வசித்த காலத்தில் மக்கள் மேட்டில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறேன். அது போதும் என்று தோன்றுகிறது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கம்பெனிக்காரர்களோடு உட்கார்ந்து பேசினால் மேட்டின் மேல்பாதியையாவது விடச் சம்மதிப்பார்கள். இளம் தம்பதிகளுக்கும் வீடு வேண்டும்தானே? வழக்கு என்று போனால் பழைய குப்பையெல்லாம் கிளறுவார்கள். யாருக்கும் அது நல்லதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நார்மன்

*

ஹெப்லி
11 செப்டம்பர் 2003

நார்மன்,

நலம். ஹெலனின் முதுகுக்கு வெந்நீர்ப் பை வைக்கச் சொல். உன் முதுகுக்கு ஒரு எலும்பு வாங்கி வைக்கச் சொல்.

'நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.' இதை எழுத உனக்கு ஆறு வாரம்! இந்த ஊரில் நடக்காமல் பறந்தது யார்? ஃபரீதா அதைப் படித்துவிட்டு மரியாதையாகக் கோப்புக்குள் வைத்தாள். எனக்குத்தான் மானம் போனது.

வீடு வேண்டும்தான். யார் வேண்டாம் என்றார்கள்? நான் வேலை செய்த ஆலை ஆற்றங்கரையில் கூரை இடிந்து பதினாறு வருடமாகப் புறாவிடம் குடிக்கூலி வாங்காமல் கிடக்கிறது. அங்கே நூறு வீடு கட்டட்டும், நானே வாழ்த்துப் பா படிக்கிறேன். கட்ட மாட்டார்கள். அந்த மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும். மேட்டு மண் சுத்தமாக இருக்கிறது, அதுதான் அது செய்த குற்றம்.

நீ நகராட்சி அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். உனக்குத் தெரியாது. ஆலையில் மதிய மணி அடித்தால் சாப்பிட நாற்பது நிமிடம். நாங்கள் ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே மேட்டுக்கு ஓடுவோம். ஏற ஒரு பத்து நிமிடம், இறங்க ஒரு பத்து நிமிடம், நடுவில் இருபது நிமிடம் உட்காருவோம். பஞ்சுத் தூசியைக் காறித் துப்பிவிட்டு மூச்சை இழுத்தால் மார்பு வரை போகும். காது இரைச்சல் அங்கேதான் அடங்கும். வானம்பாடி கத்துவதை நான் கடைசியாகக் கேட்டது அந்த மேட்டில்தான். இந்த ஊரில் என் பெயரில் ஒரு சாண் நிலம் கிடையாது, வீடுகூட வாடகை வீடு. ஆனால் அந்த இருபது நிமிடம் என்னுடையது. அதை எவனுக்கும் பாதி மேல்பாதி என்று பங்கு போட்டுக் கொடுக்க மாட்டேன்.

பழைய குப்பை என்றாயே, என்ன குப்பை?

மேவிஸ்

*

ஹெப்லி
21 அக்டோபர் 2003

நார்மன்,

போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஹெலனையாவது இரண்டு வரி எழுதச் சொல்.

நேற்று நகர மண்டபத்தில் முதல் கூட்டம். விசாரணை மார்ச்சில். அதை நடத்தப்போகும் அதிகாரி தேதி குறித்துக்கொண்டிருந்தபோது, மண்டபத்தின் அந்தக் கோடியில் கம்பெனி வக்கீல் மேலாளரின் காதருகே குனிந்து பேசினான். ஆலைக்காரி இருக்கும் இடத்தில் காதில் பேசி என்ன பயன்? வாய் தெரிகிறதே. "கவலைய விடுங்க. நூலகத்துல அந்தக் கமிட்டியோட மினிட்ஸ் நோட்டு கிடைச்சிருச்சு. செயலாளர் கையெழுத்தே போதும்" என்றான்.

இன்று காலை ஃபரீதாவும் நானும் நூலகத்துக்குப் போனோம். பச்சை அட்டை போட்ட கூட்டக் குறிப்பு நோட்டு. உன் அழகான கையெழுத்து. 1983 மார்ச்: 'ஈஸ்டர் திங்களன்று முட்டை உருட்ட திரு. ஹோல்ராய்ட் அன்புடன் அனுமதித்தார் எனச் செயலாளர் தெரிவித்தார். கமிட்டி கைதட்டிப் பாராட்டியது.' 1984: அன்புடன் அனுமதித்தார். 1985: அன்புடன் அனுமதித்தார். 1995 வரை பதின்மூன்று தடவை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. ஃபரீதா நோட்டை மூடிவிட்டுச் சொன்னாள்: "இது நெசம்னா நம்ம கதை முடிஞ்சுது மேவிஸ். பதின்மூணு வருஷம் ஊரே அனுமதி வாங்கிட்டுப் போயிருக்கு."

எனக்கு ஒரே ஒரு பதில் போதும். ஹோல்ராய்ட் அனுமதி கொடுத்தாரா, இல்லையா?

மேவிஸ்

*

டனீடின்
10 டிசம்பர் 2003

(கிறிஸ்துமஸ் அட்டை. பனியில் நிற்கும் ஒரு செம்மார்புக் குருவியின் படம்.)

அக்காவுக்கு, பண்டிகை வாழ்த்துகள். இங்கே எல்லோரும் சுகம்.
நார்மன், ஹெலன்

*

டனீடின்
11 ஜனவரி 2004

அன்புள்ள அக்கா,

நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் கடைசிக் கடிதம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எட்டுத் தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்கப்போவதில்லை.

ஹோல்ராய்ட் அனுமதி கொடுக்கவில்லை. ஒரு தடவைகூட இல்லை.

83இல் நான் புதுச் செயலாளர். எனக்கு முன்னால் இருந்தவர்கள் யாரும் அவரிடம் கேட்டதில்லை. முறைப்படி கேட்பதுதான் மரியாதை என்று நான்தான் கமிட்டியில் எழுந்து சொன்னேன். டை கட்டிக்கொண்டு பண்ணைக்குப் போனேன். அவர் வேலி அடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அனுமதியா? எங்க பாட்டன் காலத்துலேருந்து உங்க ஊர்க்காரங்க அங்க முட்டைய உருட்டுறீங்க. எவன்டா எங்களக் கேட்டான்? குடுக்கிறதுக்கு அது என்ன என் சட்டைப் பையிலயா இருக்கு? நான் மாட்டேன்னா நிறுத்திருவீங்களா? குடுக்கவும் இல்ல, தடுக்கவும் இல்ல. போடா, டை கட்டின கழுத!"

நாயையும் அவிழ்த்துவிட்டார். பேன்ட் கிழிந்தது.

அன்று சாயங்காலம் கமிட்டியில் பத்துப் பேரும் என் வாயையே பார்த்தார்கள். அக்கா, நகராட்சியில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். ஒருவரும் என்னை அப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை. கழுதை என்று திட்டினார் என்று சொல்ல வாய் வரவில்லை. "அன்போடு அனுமதித்தார்" என்றேன். கைதட்டினார்கள். வால்டர் என் தோளைத் தட்டி, "அந்த முரட்டுக் கிழவனையே மடக்கிட்டியே!" என்றான்.

அடுத்த வருடமும் போகச் சொன்னார்கள். நான் பண்ணைக்குப் போகவில்லை. டை கட்டிக்கொண்டு கிளம்பி, அடுத்த ஊர் பஸ் நிழற்குடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இறைச்சி அடைத்த ஒரு பலகாரம் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினேன். பன்னிரண்டு வருடம் அப்படித்தான். நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோது கடிகாரம் கொடுத்தார்களே, அதில் என்ன பொறித்திருக்கிறது தெரியுமா? 'நிலச் சொந்தக்காரரிடம் பதின்மூன்று முறை அனுமதி பெற்றுத் தந்த நார்மனுக்கு.' எட்டு வருடமாக அது மணிக்கு மணி என் முகத்தில் அடிக்கிறது.

மேட்டை என் பொய் விழுங்கப்போகிறது. என்ன செய்ய வேண்டும் என்று சொல். உன் முகத்தில் விழிக்கத் தகுதி இல்லாத,

நார்மன்

*

ஹெப்லி
22 ஜனவரி 2004

நார்மன்,

நலம். உன் கடிதம் வந்தபோது அடுப்பில் கஞ்சி இருந்தது. படித்து முடிப்பதற்குள் அது கரியாகிவிட்டது. கஞ்சிக்கும் சேர்த்து உன்மேல் கோபம்.

ஆறு மாதமாக நான் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரிகிறேன், நீ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்! மேட்டைப் பாதியாகக் கொடு என்று எனக்கே புத்தி சொன்னாயே, அதை நினைத்தால் உடம்பு எரிகிறது. உன் பேர் கெடாமல் இருக்க என் மேட்டைக் கூறு போடப் பார்த்தாய். அதை மன்னிக்க எனக்குக் கொஞ்சம் நாள் வேண்டும்.

திட்டி முடித்தேன். இப்போது வேலை. கடிதத்தை ஃபரீதாவிடம் காட்டினேன். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "குடுக்கவும் இல்ல, தடுக்கவும் இல்லன்னாரா? அனுமதி கேட்டது தப்பில்ல மேவிஸ், கிடைச்சாத்தான் தப்பு. கிடைக்கலையே! ஊர் ஜனம் கிடைச்சதா நெனச்சுக்கிட்டா அதுவும் பரவாயில்ல. ஆனா கடிதம் பத்தாது. அவர் நேர்ல வந்து சொல்லணும், அவங்க வக்கீல் கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லணும். முழு ஊருக்கு முன்னாடி."

முழு ஊர் என்றால் வால்டரும்தான். அவனுக்கு எழுபத்து நான்கு ஆகிறது, எந்தக் கூட்டமானாலும் முன்வரிசையில் உட்காருகிறான். நான் அவனிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

விசாரணை மார்ச் 16. வருவாயா?

மேவிஸ்

*

டனீடின்
9 பிப்ரவரி 2004

அன்புள்ள அக்கா,

ஹெலன் விமானத்தில் இடம் போட்டுவிட்டாள். 14ஆம் தேதி வந்து சேருவேன். இரண்டு இரவு உன் வீட்டில் தங்க இடம் கொடுப்பாய் என்று நம்புகிறேன். கடிகாரத்தையும் கொண்டுவருகிறேன்.

உன் நலம் கோரும்,

நார்மன்

*

டனீடின்
4 ஏப்ரல் 2004

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன்னிடம் விடைபெறாமல் போனதற்கு என்னை மன்னிக்க வேண்டும்.

அந்த வக்கீல் கேட்டது இன்னும் காதில் ஒலிக்கிறது. "அன்னைக்குப் பொய் சொன்னீங்களா, இன்னைக்குப் பொய் சொல்றீங்களா?" அன்றைக்குத்தான் என்றேன். "பதின்மூணு வருஷம் கூசாமப் பொய் சொன்னவரை இன்னைக்கு மட்டும் எதை வெச்சு நம்புறது? கிழவனார் செத்துப்போயிட்டார். சாட்சி யாராவது இருக்காங்களா?" யாரும் இல்லை என்றேன். எனக்கு எதிரே அதிகாரி, முதுகுக்குப் பின்னால் ஊர். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. நாற்காலிகள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து போகிறார்கள் என்று நினைத்தேன். கடிகாரத்தை மேசைமேல் வைத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக ரயிலுக்குப் போய்விட்டேன்.

அக்கா, நான் வந்து காரியத்தைக் கெடுத்துவிட்டேனா? வால்டர் என்ன சொன்னான்? திட்டினாலும் பரவாயில்லை, எழுது.

நார்மன்

*

ஹெப்லி
5 ஜூலை 2004

அன்புள்ள நார்மன்,

நலம், முழங்கால் உட்பட. நீயும் ஹெலனும் நலமா? மூன்று மாதம் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. கேட்டதற்குப் பதில் வராமல் தபால்காரனை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியட்டும் என்று விட்டேன். இப்போது கணக்கு நேராகிவிட்டது. உட்கார்ந்து படி.

நீ கேட்ட நாற்காலிச் சத்தம் எழுந்து போனவர்களுடையது இல்லை, மடையா. வால்டர் எழுந்த சத்தம். அவனுக்கு எழ இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க வேண்டும், அதில் நாலு நாற்காலி நகர்ந்தது. நீ பக்கவாசலைத் தாண்டிய பிறகுதான் அவன் பேச ஆரம்பித்தான்.

"ஐயா, சாட்சி இருக்கான். நான்தான். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன். வருஷா வருஷம் மார்ச்சுல ஒரு சனிக்கிழம, இவன் ஹோல்ராய்டப் பாக்கப் போறேன்னு டை கட்டிட்டுக் கிளம்புவான். பண்ணை இருக்கிறது மேற்கால. நான் பஸ்ஸ ஓட்டிட்டுப் போனா இவன் கிழக்கால நிழற்குடையில உக்காந்து பலகாரம் தின்னுக்கிட்டு இருப்பான். ஆள் இருந்தா பஸ்ஸ நிறுத்தணும், அதான் சட்டம். நான் நிறுத்தல. நிறுத்தினா அவன் என் மூஞ்சியப் பாக்கணுமில்ல?"

வக்கீல் விடவில்லை. "முதல் வருஷம் அவர் பண்ணைக்குப் போனார்னு அவரே சொன்னார். அப்ப அனுமதி கிடைச்சிருக்கலாமே?"

"அன்னைக்குக் கமிட்டிக்குப் பேன்ட் கிழிஞ்சு வந்தான் ஐயா. பின்பக்கம். அன்பா அனுமதி குடுத்த வீட்டு நாய் அங்கயா கடிக்கும்?"

மண்டபம் இடிகிற மாதிரி சிரித்தது. விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற மாதிரி கொஞ்ச நேரம் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. அவ்வளவும் தெரிந்துகொண்டு ஒன்பது மாதமாக என்னோடு கூட்டத்துக்கெல்லாம் வந்தானே, அவனைக் கைப்பையால் அடிக்கலாமா என்று பார்த்தேன். அவன் உட்கார்ந்த பிறகு, எதிர்வரிசையிலிருந்து சத்தமில்லாமல் உதட்டால் கேட்டேன், தறிக்கூடத்தில் பேசுகிற மாதிரி: ஏன்டா சொல்லல? அவனும் உதட்டாலேயே பதில் சொன்னான், அவன் பெண்டாட்டியும் ஆலைக்காரிதானே. "வருஷத்துல ஒரு நாள் அவன் நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்தான் மேவிஸ். அத நான் எதுக்குக் கெடுக்கணும்? அவன் வாயால வந்தா நானும் சொல்லலாம்னு இருந்தேன்." அவன் கன்னம் ஈரமாக இருந்தது. மற்றவர்கள் உதட்டையும் படித்தேன். கடைவீதி டோரத்தி, "உலகத்தோட அந்தக் கோடியிலேருந்து வந்து இதச் சொல்லிருக்கான் பாரு" என்றாள். பொய்யன் என்ற சொல் கம்பெனி வரிசையைத் தவிர எந்த உதட்டிலும் இல்லை. நீ திரும்பிப் பார்த்திருந்தால் நீயே பார்த்திருப்பாய்.

தீர்ப்பு போன வியாழக்கிழமை வந்தது. 'இருபது ஆண்டுகளில் அனுமதி ஒரே ஒரு முறைதான் கேட்கப்பட்டது; அதுவும் கொடுக்கப்படவில்லை' என்று அதிகாரி எழுதியிருக்கிறார். முட்டைமேடு ஊர்ப் பொதுப் புல்வெளியாகப் பதிவாகிவிட்டது. எண்பத்து நான்கு வீட்டில் ஒன்றுகூட இல்லை. செய்தி வந்ததும் ஊரே மேலே ஏறியது. கம்பெனி பலகையைப் பிடுங்கி, அதன்மேல் மேசைவிரிப்பு போட்டுத் தேநீர் வைத்தோம். நானும் ஏறினேன், இரண்டு இடத்தில் உட்கார்ந்து. உச்சியில் ஒரு சிறுமி என் முகத்துக்கு நேரே வந்து நின்று, வானம்பாடி கத்துது, கத்துது என்று சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அவள் சொன்னதே போதும்.

தனியாக ஒரு பொதி வரும், பத்திரமாகப் பிரி. உன் கடிகாரம். அதை வைத்துக்கொள்ள யாரும் சம்மதிக்கவில்லை. பழைய எழுத்தை வால்டர் அழிக்க விடவில்லை. அதற்குக் கீழே கடைக்காரனைக் கொண்டு புதிதாக ஒரு வரி பொறித்திருக்கிறான்: 'அனுமதி வாங்காமல் வந்ததற்கு நன்றி.' இனி அது மணி அடித்தால் தைரியமாகக் கேள்.

நான் உன்னை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை, கேட்கவும் பயப்படுவாய். மேல்பாதி கீழ்பாதி என்று இனி ஒரு தடவை பேசினால் மன்னிக்க மாட்டேன்.

கமிட்டிக்கு நேற்றுப் புதுச் செயலாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே பச்சை நோட்டில், உன் கடைசிப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் முதல் குறிப்பை எழுதியாகிவிட்டது. உனக்காக அப்படியே படி எடுத்திருக்கிறேன்:

'வரும் ஈஸ்டர் திங்களன்று மேட்டில் முட்டை உருட்டப்படும். யாரிடமும் அனுமதி கேட்கப்படவில்லை. கமிட்டி கைதட்டிப் பாராட்டியது.'

உன் அக்கா,
மேவிஸ்
செயலாளர், முட்டைக் கமிட்டி